வெளியூர்ப் பேய்கள்

சம்மாந்துறையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடக்காத நேரங்களில் பிள்ளைகள் சொன்ன பேய்க்கதைகள் நிறைய என்னிடம் உண்டு. பழைய கட்டிடத்து மாடிப்படி, மலசலகூடத்துக் கடைசிக் கதவு, விளையாட்டு மைதானத்துப் புளியமரம் என்று இடங்கள்தான் மாறும். பேய் மாறாது. அது எப்போதும் வெளியூர் ஆள்.

இது தற்செயல் இல்லை. மவுத்தானவர் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் மார்க்கம். ஜின் உண்டு, குர்ஆனில் அதன் பெயரிலேயே ஒரு சூறா இருக்கிறது. ஆனால் ஜின் வேறு, செத்த மனிதர் வேறு. இன்னாருடைய மூத்தம்மா பேயாய்த் திரிகிறா என்று ஊருக்குள் ஒருவன் சொல்லிப் பார்க்கட்டும்; மஹ்ரிபுக்கு முன்னர் அவன் வாசலில் நாலு பேரன்மார் வந்து நிற்பார்கள். ஆகவே கதைக்கு ஆள் வேண்டுமென்றால், இங்கே கேட்பாரில்லாத ஆளாகத்தான் பிடிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வருமுன் பேய் வயலில் இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் களவெட்டியில் சூடு மிதிக்கும்போது நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். மாட்டுக்கும் கடகத்துக்கும்கூட அங்கே வேறு பெயர்கள். வழக்கமான பேச்சைக் கேட்டால் பூதம் வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். பேயென்றால் வெளியிலிருந்து வந்து நம்முடையதைக் கொண்டுபோவது என்ற எண்ணம் அங்கேயே ஊறிவிட்டது. அறுவடை மெசின் வந்தது, களவெட்டி போனது, பூதத்தை நினைப்பாரும் இல்லை.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு வயல்காரன் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். நான் படிப்பித்த கட்டிடங்களில் ஒன்று வட்டை ஓரம், மற்றது மையவாடிக்குப் பின்னால். ஊர் நடுவில் காணி கொடுக்க யாருக்கு மனம் வரும்? இருட்டினால் ஒரு விளக்கும் இல்லாத பெரிய கட்டிடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். பேய்க்கு வேறென்ன வேண்டும்.

ஆனால் நான் கேட்டவற்றில் அழுத்தமான கதைகள் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னால் வந்தவை. அன்று ஞாயிறு, போயா, பள்ளிக்கூட விடுமுறையும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்கக் கடல் ஏறியது. இலங்கையிலேயே அதிகம் பேர் மாண்டது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கு மேல். சம்மாந்துறை உள்ளே இருப்பதால் தப்பியது. கரையோரச் சனம் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்தது. வாங்கு மேசைகளை வெளியே அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். கரும்பலகையில் காணாமல் போனவர்களின் பெயர்களைச் சோக்கால் எழுதி வைத்திருந்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறம்.

தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான்.

“சேர், அந்த வகுப்பில ராவைக்கு ஒரு பொம்புள அழுறாவாம்.”

“ஆரு?”

“தெரியா சேர். கடக்கரப் பக்கமாம்.”

தண்ணீரில் மூழ்கி மரித்தவர் ஷஹீது என்பது ஹதீஸ். கரையோர ஊர்களில் உறவுகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைக் கடத்தினார்கள். அதே மரணம் மூன்று நாலு மைல் தள்ளி எங்கள் ஊருக்கு வந்தபோது பேயாகிவிட்டது. அதிபர் மௌலவியை அழைத்து யாசீன் ஓதுவித்தார்; மறுநாளே விறாந்தையில் பல்பும் போட்டார். எது வேலை செய்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு இஷினோமாகி நகரத்து டாக்சிக்காரர்களை ஒரு பல்கலைக்கழக மாணவி பேட்டி கண்டாள். அழிந்த பகுதிக்குப் போகச் சொல்லி ஏறியவர் பாதி வழியில் காணாமல் போனதாகச் சிலர் சொன்னார்கள். மீட்டர் ஓடிய காசைத் தாங்களே கட்டினார்களாம். அவர்களுக்குப் பயமில்லை, திரும்ப வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். செத்தவரும் ஓட்டுபவரும் ஒரே ஊர். எங்கள் வகுப்பறையில் அழுத பெண்ணுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

அதே 2011 ஓகஸ்டில் எங்கள் பக்கம் வந்தது கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று நாடெங்கும் பேச்சு. நோன்பு மாதம். ஆண்கள் தராவீஹுக்குப் போனால் வீட்டில் பெண்கள் தனியே. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை என்பதால் கட்டிடங்கள் பூட்டிக் கிடந்தன. ஒளிய இடம் வேறெது? எங்கள் இளைஞர்கள் பொல்லும் டோர்ச்சுமாய் வகுப்பறைகளைச் சுற்றி வந்தார்கள். ஓட்டில் ஒரு மரநாய் ஓடினால் தெருவே எழுந்துவிடும். இதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. துரத்தினால் படை முகாமுக்குள் ஓடி மறைகிறான் என்று கிழக்கில் பல ஊர்களில் சொன்னார்கள். பொத்துவிலில் பொலிசார் சுட்டு ஒருவர் இறந்தார், புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான். சீருடை போட்டவர்களைப் பற்றி வெளியே பேசப் பயந்தவர்கள் கிறீஸ் பூதத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன். அந்தப் பூதமும் வெளியூர்தான்.

2024 நவம்பர் 26இல், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வெள்ளத்துக்குள் வீடு திரும்பிய எங்கள் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரப் பெட்டி மாவடிப்பள்ளியில் கவிழ்ந்தது. ஆறு மாணவர்கள் போய்விட்டார்கள். முன்னைய கணக்குப்படி பார்த்தால், தண்ணீர், பாலம், எல்லாமே பேய்க்கதைக்கு ஏற்றவை. இதுவரை ஒரு கதையும் என் காதில் விழவில்லை. அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள், தம்பிமார் எங்கள் பள்ளிக்கூட வகுப்புகளில் படிக்கிறார்கள். மாவடிப்பள்ளி என்று பேச்செடுத்தால், வீதியை எத்தனை அடி உயர்த்த வேண்டும், அன்று வெள்ளத்துக்குள் போக விட்டது யார் என்றுதான் வாதம் நடக்கிறது.