பெயர் பெறாத ஆசான்கள்: அமெரிக்கக் கல்லூரி அடிபந்தாட்டத்தில் துணைப் பயிற்றுநர்

கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்போர் பலர். அதனைத் தாங்கும் கடைக்காலை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கல்வியுலகிலும் விளையாட்டுலகிலும் இந்நிலையே காணப்படுகிறது. வெற்றிக் கிண்ணம் ஏந்தி நிற்கும் குழுவின் தலைமைப் பயிற்றுநரை நாடறியும். வைகறையில் திடலுக்கு வந்து, இரவில் விளக்கணைத்துச் செல்லும் துணைப் பயிற்றுநரின் பெயரோ செய்தித்தாளின் ஓரத்திலும் இடம்பெறுவதரிது. அமெரிக்கக் கல்லூரிகளின் அடிபந்தாட்டக் குழுக்களில் பணியாற்றிய இத்தகையோர் எங்கிருந்து வந்தனர், எவ்வாறு உயர்ந்தனர், அவர்தம் உழைப்புக்கு என்ன விலை கிடைத்தது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆசிரியப் பணியில் உள்ளோரும் அப்பணியை நாடுவோரும் கருதத்தக்க செய்திகள் இவ்வரலாற்றில் பல உள.

அமெரிக்கர் ‘பேஸ்பால்’ என வழங்கும் ஆட்டத்தையே ஈண்டு அடிபந்தாட்டம் என்கிறோம். நம் பள்ளித் திடல்களில் ஆடப்படும் மென்பந்தாட்டத்தை அறிந்தோர்க்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். ஒரு பக்கத்திற்கு ஒன்பதின்மர் ஆடுவர். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தெறிவாளர் எறியும் பந்தை மட்டையாளர் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் சேரும். எறிதல், அடித்தல், தடுத்தல் ஆகிய மூன்றும் காலப்போக்கில் தனித்தனிக் கலைகளாக வளர்ந்துவிட்டன. அவை அனைத்தையும் ஒருவரே கற்பித்தல் அரிதாயிற்று. துணைப் பயிற்றுநரின் தேவை இங்கேதான் பிறந்தது.

மாணவரே ஆசானாய் இருந்த காலம்

இரு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற முதல் அடிபந்தாட்டப் போட்டி, 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில் நிகழ்ந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 73 ஓட்டங்களும் வில்லியம்ஸ் கல்லூரி 32 ஓட்டங்களும் எடுத்தன. அக்காலத்தில் ஊதியம் பெறும் பயிற்றுநர் என ஒருவர் இல்லை. மாணவர் தலைவனே குழுவைத் தெரிவு செய்தான்; இளையோர்க்கு ஆட்டமும் பழக்கினான். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து சிறுவர்க்குக் கற்பித்ததைப் போன்ற நிலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரர் சிலர் குளிர்காலத்தில் கல்லூரிகளை நாடினர். அவருள் குறிப்பிடத்தக்கவர் ஹியூயி ஜென்னிங்ஸ். பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்து வேலைக்குச் சென்றவர் அவர். ஆட்டத்தில் புகழ்பெற்ற பின்னரும் கல்வி வேட்கை அவரை விடவில்லை. தம் நண்பர் ஜான் மெக்கிராவுடன் சிறிய கல்லூரி ஒன்றில் மாணவர்க்கு ஆட்டம் கற்பித்து, அதற்கு ஈடாகத் தாம் பாடம் கற்றார். பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியளித்துக்கொண்டே சட்டம் பயின்று வழக்குரைஞரானார். 1907 முதல் 1909 வரை டெட்ராய்ட் குழுவைத் தொடர்ந்து மூன்றாண்டுகள் தன் கூட்டமைப்பின் முதலிடத்தில் நிறுத்தியவரும் இவரே.

பிராஞ்ச் ரிக்கியின் வாழ்வும் இத்தகையதே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றபோதே 1910இல் அதன் அடிபந்தாட்டக் குழுவிற்குப் பயிற்றுநரானார். அதற்கு முன்னர் ஓகையோ வெஸ்லியன் கல்லூரிக் குழுவை நடத்தியபோது, தம் மாணவருள் ஒருவர் கறுப்பினத்தவர் என்பதற்காக விடுதியில் இடம் மறுக்கப்பட்டதை அவர் நேரில் கண்டார். அந்நிகழ்ச்சியை அவர் இறுதிவரை நினைவுகூர்ந்து வந்தார். நிறத் தடையை உடைத்து 1947இல் உயர்நிலைத் தொழில்முறைக் களத்தில் இறங்கிய ஜாக்கி ராபின்சனைத் தெரிவு செய்தவர் அவரே.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் உண்மை தெளிவாகிறது. பயிற்றுநர் பணி கல்விக்கு ஈடாயிற்று. கொடுத்ததற்கு ஏதோ ஒன்று கிடைத்தது. இவ்வொப்பந்தமே பிற்காலத்தில் பட்டமேற்படிப்பு மாணவர் துணைப் பயிற்றுநராய் அமர்த்தப்படும் வழக்கமாக மலர்ந்தது.

போருக்குப் பிந்திய வளர்ச்சி

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில் அமெரிக்க அடிபந்தாட்டப் பயிற்றுநர் சங்கம் தோன்றியது. 1947இல் கல்லூரிகளின் முதல் தேசிய வாகையர் போட்டி நடைபெற்றது. 1950 முதல் அது நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் நிலைகொண்டது. ஆயினும் பொருள் வளம் உடனே வந்துவிடவில்லை. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திற்குப் பதினொரு தேசிய வாகைகளை ஈட்டித் தந்த ராட் டெடோ, சரக்கூர்தி நிறுவனம் நடத்திப் பிழைத்தவர். பல்கலைக்கழகத்தில் அவர் பெயரளவிற்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளியே பெற்றார் என்பர். தலைமைப் பயிற்றுநர் நிலையே இதுவெனில், துணைவர் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துணைப் பயிற்றுநரின் ஆற்றலை நாடறியச் செய்தவருள் ஸ்கிப் பெர்ட்மன் முதன்மையானவர். மயாமி கடற்கரை உயர்நிலைப் பள்ளியில் பயிற்றுநராயிருந்த அவர், 1976இல் மயாமி பல்கலைக்கழகத்தில் ரான் ஃபிரேசருக்குத் துணைவராகச் சேர்ந்தார். பார்வையாளரைத் திரட்டுவதில் ஃபிரேசர் வல்லவர். பந்தெறிவாளரை உருவாக்குவதில் பெர்ட்மன் வல்லவர். 1982இல் மயாமி தேசிய வாகை சூடியது. 1984இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பெர்ட்மன், 1991, 1993, 1996, 1997, 2000 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தேசிய வாகை வென்றார். எட்டாண்டுத் துணைப் பணி அவருக்கு வீணாள் ஆகவில்லை. அது விதைப்புக் காலமாய் அமைந்தது.

பணியும் பின்புலமும்

துணைப் பயிற்றுநர் செய்யும் பணிகள் பலவாகும். ஒருவர் பந்தெறிவாளர்க்குப் பொறுப்பேற்பார். மற்றொருவர் மட்டையாளரைக் கவனிப்பார். பயிற்சிக்காக நூற்றுக்கணக்கான பந்துகளை எறிதலும், எதிரணியின் ஆட்டத்தை ஆராய்தலும், திடலைச் செப்பனிடுதலும் அவர்க்குரியன. எல்லாவற்றினும் கடினமானது, உயர்நிலைப் பள்ளி மாணவரைத் தேடிச் சேர்க்கும் பணி. 2025ஆம் ஆண்டுவரை முதற்பிரிவுக் கல்லூரி ஒன்று தன் அடிபந்தாட்டக் குழு முழுமைக்கும் 11.7 உதவித்தொகைகளை மட்டுமே வழங்கலாம் என்றிருந்தது. அதனைப் பலருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டியிருந்ததால், பகுதி உதவித்தொகைக்கே ஒரு திறமையாளனை இசைவிக்கும் நாவன்மை துணைப் பயிற்றுநர்க்குத் தேவைப்பட்டது.

இவர்தம் பின்புலமும் பலதிறப்பட்டது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், தொழில்முறைக் களத்தில் முன்னேற இயலாது திரும்பியவர், பட்டமேற்படிப்பு மாணவர் எனப் பலரும் இப்பணியை நாடினர். தலைமைப் பதவியை விட்டுத் துணைப் பதவிக்கு வந்தவரும் உண்டு. டிம் கார்பின் ஒரு சிறு கல்லூரியின் தலைமைப் பயிற்றுநராயிருந்து, பின்னர்க் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லெகெட்டிடம் துணைவராய் அமர்ந்தார். அங்கே 1994 முதல் 2002 வரை பணியாற்றியபின் வாண்டர்பில்ட் சென்று, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகை வென்றார். அதே லெகெட்டின் மற்றொரு துணைவர் கெவின் ஓசல்லிவன், 2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திற்கு வாகை சூட்டினார். ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த இருவர் ஒமாகாவில் முடிசூடினர்.

பெண்களுக்கு இவ்வாயில் நெடுங்காலம் திறக்கவேயில்லை. ஜஸ்டின் சீகல் என்னும் பெண்மணி 2008 முதல் 2010 வரை ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியின் ஆடவர் குழுவிற்குத் துணைப் பயிற்றுநராய்ப் பணியாற்றினார். 2015இல் ஓக்லாந்து தொழில்முறைக் குழு அவரைச் சிறப்புப் பயிற்றுநராக அமர்த்தியது. கல்லூரித் திடலில் பெற்ற பட்டறிவு அவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

சிக்கனத்தின் சுமை யார் தோளில்?

இவ்வெற்றிக் கதைகளின் மறுபக்கத்தையும் நாம் காணுதல் வேண்டும். 1991இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் செலவைக் குறைக்க முற்பட்டது. அதன்படி 1992 முதல், முதற்பிரிவில் அடிபந்தாட்டம், கூடைப்பந்து உள்ளிட்ட விளையாட்டுகளில் ‘வரையறுத்த ஊதியப் பயிற்றுநர்’ என்றொரு கடைநிலைப் பதவி உருவாயிற்று. அப்பதவியில் இருப்போர் கல்வியாண்டில் 12,000 அமெரிக்க வெள்ளிக்கு மேலும், கோடையில் 4,000 வெள்ளிக்கு மேலும் பெறுதல் கூடாதென விதிக்கப்பட்டது.

இளையோர்க்கு நுழைவாயில் அமைக்கவே இவ்விதி என்று சங்கம் வாதிட்டது. கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் இளையோரையே அப்பதவியில் அமர்த்த வேண்டுமென்று விதியில் எங்கும் கூறப்படவில்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆண்டுகள் பல பணியாற்றித் தேர்ந்தவரும் அந்த 16,000 வெள்ளிக்குள் அடக்கப்பட்டனர். பயிற்றுநர் வழக்குத் தொடுத்தனர். முதலில் கூடைப்பந்துப் பயிற்றுநரும், அவரைப் பின்பற்றி அடிபந்தாட்டப் பயிற்றுநரும் பிற விளையாட்டினரும் நீதி கேட்டனர். தனித்தனியே போட்டியிட வேண்டிய கல்லூரிகள் ஒன்றுகூடி உழைப்பின் விலையை வரையறுத்தல், 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்திற்கு மாறானது என 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 5 கோடியே 45 இலட்சம் வெள்ளி வழங்கச் சங்கம் உடன்பட்டது.

அத்துடன் துயரம் தீர்ந்ததா? தீரவில்லை. குறைந்த ஊதியம் தவறென்று தீர்ப்பான பின்னரும், ஊதியமே இல்லாத பதவியொன்று நிலைத்திருந்தது. முதற்பிரிவு அடிபந்தாட்டக் குழுவில் தலைமைப் பயிற்றுநர் ஒருவரும், ஊதியம் பெறும் துணைவர் இருவரும், ‘தன்னார்வத் துணைப் பயிற்றுநர்’ ஒருவரும் இருக்கலாம் என்பதே விதி. இந்நான்காமவர்க்கு விளையாட்டுத் துறை ஊதியம் தருதல் ஆகாது. மருத்துவக் காப்புறுதியும் இல்லை. வெளியூர் சென்று மாணவரைத் தேடிச் சேர்க்கும் உரிமையும் அவர்க்கு மறுக்கப்பட்டது. ஏனைய இருவரைப் போலவே அவரும் நாள்தோறும் திடலில் உழைத்தார். கோடைப் பயிற்சி முகாம்களிலும் தனிப் பயிற்சியிலும் கிடைத்ததைக் கொண்டு வாழ்க்கையை ஓட்டினார்.

‘தன்னார்வம்’ என்னும் சொல் உயர்ந்த சொல். விருப்பத்தோடு கொடுப்பவன் கொடையாளி. ஆனால் கொடுத்தாலன்றி உள்ளே நுழைய இயலாது என்னும் நிலையில் கொடுப்பது கொடையாகுமா? அது நுழைவுக் கட்டணமன்றோ? அக்கட்டணத்தைச் செலுத்த வல்லவர் யார்? பெற்றோரின் பொருளுதவி உடையவர் செலுத்தலாம். மனைவியின் ஊதியத்தில் வாழ்பவரும் செலுத்தலாம். ஜென்னிங்ஸைப் போன்ற சுரங்கத் தொழிலாளி மகனுக்கு அவ்வாயில் எங்ஙனம் திறக்கும்? உயர்ந்தோர் பெயரை வரலாறு எழுதி வைத்துள்ளது. வாயிலிலேயே திரும்பிச் சென்றோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்நான்காமவர்க்கு ஊதியம் வழங்க இசைவளிக்கும் தீர்மானம் 2019 ஏப்ரலில் முன்வைக்கப்பட்டுத் தோல்வியுற்றது. 2022 நவம்பரில் அடிபந்தாட்டத் தன்னார்வப் பயிற்றுநராய் இருந்தோர் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் சங்கம் அப்பதவியையே நீக்க முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் தொட்டு மூன்றாம் துணைவரும் ஊதியம் பெறத் தகுதியுற்றார். 2024இன் இறுதியில் 4 கோடியே 90 இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு அவ்வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது.

வரலாறு உணர்த்தும் உண்மை

நிறைவாக ஒரே குழுவை நோக்குவோம். டேவ் வான் ஹார்ன் 1985இல் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்தே துணைப் பயிற்றுநரானார். 2003இல் அங்கேயே தலைமைப் பொறுப்பேற்றார். 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் அவருக்குத் துணையாய் நின்றவருள் இருவர் டோனி விட்டெல்லோவும் வெஸ் ஜான்சனும் ஆவர். பள்ளிப் பயிற்றுநர் ஒருவரின் மகனான விட்டெல்லோ, மூன்று பல்கலைக்கழகங்களில் பதினைந்து ஆண்டுகள் துணைவராய் உழைத்தவர். அவர் 2024இல் டென்னசி பல்கலைக்கழகத்திற்குத் தேசிய வாகை ஈட்டினார். தொழில்முறைக் களத்தில் ஆடியோ பயிற்றியோ அறியாத அவரை, 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் குழு தன் மேலாளராக்கியது. ஜான்சனோ ஆர்க்கன்சா மாநில உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுநராய்த் தொடங்கியவர். 2018இன் இறுதியில் கல்லூரித் திடலிலிருந்து நேரே மின்னசோட்டா ட்வின்ஸ் குழுவின் பந்தெறிப் பயிற்றுநரானார். பள்ளித் திடலில் கற்பித்தவனின் அறிவு, நாட்டின் மிகவுயர்ந்த களத்திற்கும் போதியதாயிற்று.

ஆசானின் அருகிருந்து கற்பதே சிறந்த கல்வி என்பதை இவ்வாழ்க்கைகள் மெய்ப்பிக்கின்றன. அக்கல்வி கூலிக்குறைப்பிற்கு மறைப்பாகிவிடக்கூடும் என்பதை வழக்குகள் மெய்ப்பிக்கின்றன. ஜென்னிங்ஸ் உழைத்தார், அவருக்குப் பாடம் கிடைத்தது. நூறாண்டுகட்குப் பின் உழைத்த தன்னார்வப் பயிற்றுநர்க்கு நம்பிக்கை ஒன்றே கிடைத்தது. கற்பிப்பவனின் ஆர்வத்தைப் போற்றுவோம். அவ்வார்வத்தையே காரணங்காட்டி அவனுடைய ஊதியத்தைக் குறைப்போமாயின், நாளை கற்பிக்க வருபவன் வசதி படைத்தவனாக மட்டுமே இருப்பான். இழப்பு அவனுக்கன்று, கற்க வரும் மாணவனுக்கே.