ஓசூர் ஓடுதளமும் விமானப் பராமரிப்பின் கணக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில், பெலகொண்டப்பள்ளியில், தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990களில் விமானத் தொழிற்சாலையும் ஓடுதளமும் அமைத்தது. இத்தாலியின் பார்த்தநாவியா வடிவமைத்த ஆறு இருக்கை பி-68சி விமானம் இங்கே தயாரானது. பின்னாளில் ஏர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் பராமரிப்புக் கூடமும் வந்தது. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்களுக்குக்கூட இங்கே பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன.

பராமரிப்பு என்றால் குறித்த மணிநேரம் பறந்ததும் பாகத்தைக் கழற்றிப் பிரித்துப் பார்ப்பது என்பதே நெடுங்காலம் வழக்கம். யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் 1978-இல் தந்த அறிக்கை அந்த நம்பிக்கையை அசைத்தது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு வைப்பதால் பயன் இல்லை. பழைய முறையில் டிசி-8 விமானத்தில் 339 பாகங்களுக்குக் கெடு வைத்து ஓவர்ஹால் செய்தார்கள். டிசி-10-இல் அது ஏழாகச் சுருங்கியது. கெடுவை விட்டால் பாகத்தின் நிலையை அறிய வேறு வழி வேண்டும். எண்ணெயில் கலந்த உலோகத் துகள், அதிர்வு, வெப்பம் ஆகியவற்றை அளப்பது அப்படித்தான் முக்கியத்துவம் பெற்றது. 1986-இல் ஷெட்லாந்து அருகே சினூக் ஹெலிகாப்டர் விழுந்து 45 பேர் இறந்தனர்; அதன்பின் 1991 முதல் வடகடல் ஹெலிகாப்டர்களில் அதிர்வைக் கண்காணிக்கும் கருவிகள் ஏறின.

ஆனால் சென்சார் தரும் எண் தனியாக நின்றால் பாதிதான் சொல்லும். என்ஜின் தேயத் தேய, அதே உந்துவிசைக்கு வெளியேறும் வாயுவின் வெப்பம் மெல்ல ஏறும். ஒருநாள் அது சட்டென்று இறங்குகிறது. முந்தைய இரவு கம்ப்ரெசரை நீரால் கழுவியதாக லாக் புக்கில் இருந்தால், என்ஜின் தேறியிருக்கிறது என்று பொருள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், சென்சாரையே சந்தேகிக்க வேண்டும். என்ஜின்களோ ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவை. ஆகவே விமானத்தின் பதிவெண்ணை மட்டும் நம்பாமல், என்ஜினின் வரிசை எண்ணைப் பிடித்தே வரலாற்றைத் தொடுக்க வேண்டும்.

சென்சார் எண்ணையும் லாக் புக் பதிவையும் இணைப்பதில் பெரிய இடர் எழுத்தில்தான். ஒரே பழுதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் 1956-இல் கொண்டுவந்த ஏடிஏ எண்முறை, தரையிறங்கு சக்கரத்துக்கு 32, என்ஜினுக்கு 72 என அத்தியாயம் பிரித்துத் தந்தது. இரு தரவுகளையும் கோக்க இன்றும் அதுவே நூல். கையெழுத்தில் கிடக்கும் பழைய பதிவுகளை அந்த எண்களின் கீழ் ஒழுங்குபடுத்துவதே, புதிய சென்சார் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை.