லாபிஸிலிருந்து ஸ்பானியத்துக்கு இரண்டு வழி

ஜொகூரின் லாபிஸ் பட்டணத்தில் காலையில் பசியாற உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழரைப் பாருங்கள். எதிரே மேசை, மேசைமேல் ஆவி பறக்கும் 'தே', காலில் சப்பாத்து. ஸ்பானியத்தில் இவை மேசா, தே, சப்பாத்தோ. மனிதர் அந்த மொழியில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. ஆனாலும் மூன்று சொல் ஏற்கெனவே அவர் கைவசம்.

காற்பந்து, தொலைக்காட்சித் தொடர், வெளிநாட்டு வேலை என்று ஏதோ ஒரு காரணத்தால் நம் பிள்ளைகளில் சிலர் இப்போது ஸ்பானியம் படிக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. தொடக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இடப்பக்கம் ஸ்பானியச் சொல், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள், நூறு சொல் மனப்பாடம். ஜொகூர் தமிழருக்கு இது சுற்றுவழி. வீட்டுத் தமிழும் பள்ளி மலாயும் இதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன. இரண்டில் எது எங்கே கைகொடுக்கும் என்பதே என் கேள்வி.

முதலில் இந்தச் சொந்தம் எப்படி வந்தது என்று பார்ப்போம். இங்கே வந்தவர்கள் ஸ்பானியர் அல்லர், போர்த்துகீசியர். 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். 1641-இல் டச்சுக்காரரிடம் இழக்கும்வரை, 130 ஆண்டுகள் அவர்கள் அங்கே இருந்தார்கள். அதே காலத்தில் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களே. தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்ததும் என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரால்தான். போர்த்துகீசியமும் ஸ்பானியமும் அக்கா தங்கை. ஆக, லாபிஸ் தமிழருக்கு ஒரே வீட்டுச் சீர் இரண்டு தடவை வந்திருக்கிறது, ஊரிலிருந்து கப்பலேறி வந்த தமிழில் ஒன்று, இங்கே கற்ற மலாயில் இன்னொன்று.

மலாய்ப் பக்கம் உள்ளவை: மேஜா, அல்மாரி, கெமேஜா, துவாலா, பெண்டேரா, கேஜு, ரோடா, செக்கோலா. ஸ்பானியத்தில் முறையே மேசா, அர்மாரியோ, கமீசா, தோவாயா, பந்தேரா, கேசோ, ருவேதா, எஸ்குவேலா. தமிழ்ப் பக்கமும் மேசை, அலமாரி, துவாலை உண்டு. அதற்கு மேல் பொத்தான் (பொத்தோன்), குசினி (கொசீனா), சப்பாத்து. மலேசிய மலாயில் காலணிக்குக் 'காசுட்' என்பதே புழக்கம். சப்பாத்தோவைப் பிடிக்க அது உதவாது, தமிழ்தான் உதவும். பழத்தட்டிலும் அப்படியே. கொய்யா குவயாபா, பப்பாளி பப்பாயா. மலாயின் ஜம்புவும் பெத்திக்கும் வேறு வம்சம். தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகையை நினைவிருக்கிறதா? அந்த ஆயாகூட ஸ்பானியத்தில் 'ஆயா'தான். இன்று அங்கே அது பழைய சொல், இருந்தாலும் அகராதியில் உண்டு.

கொடி, சட்டை, பள்ளிக்கூடம் என்று வெளியே நிற்கும் பொருளுக்கு மலாய் முந்துகிறது. அடுப்பங்கரைக்கும் கால்மாட்டுக்கும் போனால் தமிழ்.

ஒப்புமையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் இடறும். மலாயின் 'மெந்தேகா' வெண்ணெய். அதை வைத்து மெக்சிகோவிலோ ஸ்பெயினிலோ 'மந்தேகா' என்று கேட்டால் பெரும்பாலும் வருவது பன்றிக் கொழுப்பு. அங்கே வெண்ணெய் மந்தேகீயா. அர்ஜென்டினாவிலோ மந்தேகாவே வெண்ணெய். பக்கத்து வீட்டு மலாய் நண்பரோடு பயணம் போகிறவர் இந்த ஒரு சொல்லையாவது உறுதியாகத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இரண்டு வழியுமே கைவிடும் இடமும் உண்டு. நம் ஜன்னலும் மலாயின் ஜெண்டேலாவும் போர்த்துகீசிய 'ஜனேலா'வின் பிள்ளைகள். ஸ்பானியரோ 'பெந்தானா' என்கிறார்கள். ஜொகூர் அன்னாசிக்குப் பேர்போன மாநிலம். தமிழ் அன்னாசியையும் மலாய் நானாஸையும் கொண்டுபோய் ஸ்பெயின் கடையில் வைத்தால் கடைக்காரர் 'பீஞ்ஞா' என்பார். சாவி கதை கொஞ்சம் சுவாரசியம். லத்தீனில் 'க்ல' என்று தொடங்கிய சொல் போர்த்துகீசியத்தில் 'ஷ' ஆனது, ஸ்பானியத்தில் 'ய' ஆனது. அதனால் நம் சாவி அங்கே 'யாவே'. முதல் எழுத்துதான் மாறியிருக்கிறது, பின்பாதியில் பழைய சாயல் அப்படியே.

தே மட்டும் போர்த்துகீசியர் கொண்டுவந்தது அல்ல. அவர்கள் 'ஷா' என்பார்கள். தே ஹொக்கியன் சீனரின் சொல். மலாயில் தே, ஸ்பானியத்திலும் தே. சீனர் நிறைந்த லாபிஸில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிழமைகளுக்கு வந்தால்தான் இந்த ஒப்பீடு உண்மையில் களைகட்டுகிறது. லூனேஸ், மார்த்தேஸ், மியேர்கோலேஸ், ஹுவேபேஸ், பியேர்னேஸ் என்ற ஐந்தையும் ஆங்கிலத்தோடு வைத்து நெட்டுருப் போட்டவர்கள் மறந்துமறந்து திரும்பப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழோடு வைத்துப் பாருங்கள். லூனா என்றால் நிலா, லூனேஸ் திங்கள். மார்த்தேஸ் செவ்வாய்க் கோளின் நாள், மியேர்கோலேஸ் புதன் கோளின் நாள், ஹுவேபேஸ் வியாழனுக்கு, பியேர்னேஸ் வெள்ளிக்கு. ஐந்தும் கோள்முறை, ஐந்தும் நம் வரிசை. மலாய் இங்கே அரபியைப் பின்பற்றி எண்ணுகிறது: இஸ்னின் இரண்டு, செலாசா மூன்று, ராபு நான்கு, காமிஸ் ஐந்து. போர்த்துகீசியரும் எண்ணிக்கைக்காரர்கள்தான், ஸ்பானிய அக்கா அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தும்.

சனிக்கிழமை வந்ததும் காட்சி மாறுகிறது. சாபதோ, மலாயின் சப்து, இரண்டும் ஒரே மூலம். ஞாயிறைக் குறிக்கும் தொமிங்கோவிலிருந்து வந்ததே 'மிங்கு', அதுவும் போர்த்துகீசியர் வழி. ஆனால் மலேசியாவில் ஞாயிற்றுக்கு 'அஹாட்' என்பதே அதிகம். மிங்கு இப்போது பெரும்பாலும் வாரத்தைக் குறிக்கிறது. ஜொகூர்க்காரருக்கு இன்னொரு குழப்பம். 2014 முதல் 2024 முடிய இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. தொமிங்கோ அன்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். 2025 ஜனவரியில்தான் ஞாயிறு மறுபடி விடுமுறை ஆனது. ஆக, வேலைநாள் ஐந்துக்கும் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி இரண்டுக்கு மலாயை.

சொல் சேர்ந்தபின் வாக்கியம். இங்கே என் தராசு ஒரே பக்கமாகச் சாய்கிறது. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பது ஸ்பானியத்தில் 'மே குஸ்தா எல் கஃபே'. 'எனக்குத் தலை வலிக்குது' என்பது 'மே துவேலே லா கபேசா'. அந்த 'மே' நம் 'எனக்கு'. பிடிப்பது காப்பி, வலிப்பது தலை, நாம் அனுபவிக்கிறவர் மட்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் 'நான்' முன்னே வந்து நிற்கும். 'சாயா சுகா கோப்பி' என்று பழகியவர்கள் ஸ்பானியத்தில் 'நான் காப்பியைப் பிடிக்கிறேன்' என்ற மாதிரி உடைத்துப் பேசுவார்கள். 'எனக்கு' என்ற சொல்லைத் தாயிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கடமே இல்லை. மரியாதைக்கும் அதுதான்: நீ என்றால் தூ, நீங்கள் என்றால் உஸ்தேத்.

ஒலியிலும் தமிழ்க் காது பெரிய உதவி. 'தாகம்' என்ற சொல்லில் நடுவே வரும் ககரம் எப்படித் தளர்கிறதோ, ஸ்பானியத் தண்ணீரான 'ஆகுவா'விலும் அப்படியே தளர்கிறது. பீஞ்ஞாவின் ஞகரம் நமக்குச் சொந்தம், மலாய்க்கும் சொந்தம். 'பெரோ' என்றால் ஆனால், அதையே ரகரம் உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். இந்த இடத்தில் பேச்சுத் தமிழில் ரகர றகரம் கலந்துபோன நமக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை.

கெடுப்பது ஆங்கிலம்தான். ரோமன் எழுத்தில் சப்பாத்தோவைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் 'சபாட்டோ' என்று படிக்கிறார்கள். ஆங்கிலத் தகரத்தை டகரமாகவே கேட்டுக் கேட்டுப் பழகிய பழக்கம். ஸ்பானியத் தகரம் பல்லில் நாக்குப் படும் நம் தகரமேதான். தோட்டத்துப் பாட்டி 'சப்பாத்து' என்று சொன்னது ஸ்பானியருக்கு நெருக்கம், பட்டம் படிக்கும் பேரனின் 'சபாட்டோ' தூரம்.

ஸ்பானியம் தொடங்கும் லாபிஸ் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நோட்டில் ஆங்கிலப் பொருள் எழுதும் கட்டத்தை முதல் மாதம் காலியாக விடுங்கள், ஸ்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் வீட்டுச் சொல்லையோ பள்ளி மலாய்ச் சொல்லையோ வையுங்கள். முதல் வரியாக மாங்கோவைப் போடுங்கள். நம் மாங்காயோடும் மலாயின் 'மங்கா'வோடும் சொந்தம் கொண்டு, போர்த்துகீசியர் வழியே ஸ்பானியரிடம் சேர்ந்த சொல் அது.