மின்னூட்ட எக்கி

எட்டாத கிளை மாங்காயைக் குதிகால் தூக்கிப் பறிப்பதை ‘எக்கிப் பறிப்பது’ என்கிறோம். அந்த வினையையொட்டிய ‘எக்கி’ பம்புக்குக் கலைச்சொல்லானது. ஓமலூர்க் கிணற்றடியில் அதன் பெயர் என்னவோ மோட்டார்தான்! ஆனால் சில்லுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. மின்தேக்கியை 3 வோல்ட்டுக்கு நிரப்பி, அதன் அடித்தகட்டையே 3 வோல்ட் உயர்த்தினால், மேல்தகடு ஏறக்குறைய 6 வோல்ட்டை எட்டும். அதாவது, எக்கி நிற்கும். அடுத்தடுத்த தேக்கிகள் இன்னும் மேலே கொண்டுபோகும். 1932இல் அணுக்கருவைப் பிளந்த காக்கிராஃப்ட், வால்டன் கருவிக்கும் இதே அடுக்குமுறைதான். சில்லுக்குள் அடங்கும் வடிவத்தை 1976இல் ஜான் டிக்சன் விளக்கினார். பிளாஷ் நினைவகத்தில் எழுதவும் அழிக்கவும் 10 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; அதைத் தருவது இந்த எக்கிதான். படிக்குப் படி ஏற்படும் மின்னழுத்த இழப்பைக் குறைக்கவே பல காப்புரிமைகள் எழுந்தன.