உங்கள் பீட்டுக்கு ஏன் யாரும் ஆடுவதில்லை? 'க்ரூவ்' பின்னால் இருக்கும் கணக்கு

ஆபீஸ் முடிந்து வந்து, லேப்டாப்பைத் திறந்து, எஃப்எல் ஸ்டூடியோவிலோ ஏபிள்டனிலோ ஒரு டிராக் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு அடிக்கும் கிக், இரண்டிலும் நான்கிலும் க்ளாப், இடையில் ஹை-ஹாட், கீழே ஒரு பேஸ் லைன். எல்லாம் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நண்பருக்குப் போட்டுக் காட்டினால், "நல்லா இருக்கு மச்சி" என்கிறார். ஆனால் அவர் தலை ஆடவில்லை. காலும் ஆடவில்லை.

அங்கே இல்லாமல் போனதைத்தான் 'க்ரூவ்' என்கிறார்கள். கேட்டதும் உடம்பை அசைக்கத் தோன்றுகிற உந்துதல் என்று ஆய்வாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறார்கள். பிறவியிலேயே வர வேண்டிய வரம் மாதிரி இதைப் பற்றிப் பேசுபவர்கள் உண்டு. நம்பாதீர்கள். இதில் அளக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

ஸ்பாட்டிஃபை தரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

முதலில் ஒரு எண்ணை ஓரம் கட்டிவிடலாம். ஸ்பாட்டிஃபை 2014இல் வாங்கிய எக்கோ நெஸ்ட் நிறுவனத்தின் வழியாக வந்தது 'டான்ஸபிலிட்டி' மதிப்பெண். ஒரு பாட்டு ஆடுவதற்கு எவ்வளவு ஏற்றது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும். டேட்டாவோடு மல்லுக்கட்டும் என் போன்றவர்களுக்கு இது பல வருடம் தீனி போட்டது. 2024 நவம்பரில் புதிய ஆப்களுக்கு இந்த வசதியை ஸ்பாட்டிஃபை நிறுத்திவிட்டது. பழைய டேட்டாசெட்டுகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அது எதை அளக்கிறது என்று பாருங்கள்: டெம்போ, தாளத்தின் நிலைத்தன்மை, அடியின் அழுத்தம், ஒட்டுமொத்த ஒழுங்கு. யாராவது ஆடினார்களா என்ற கேள்வியே அதில் இல்லை. நண்பரை அசைக்காத அந்த லூப்புக்கும் நல்ல மார்க் விழ வாய்ப்பு உண்டு. அந்த எண்ணைத் துரத்தினால் டிராக் இன்னும் இறுகும், அவ்வளவுதான்.

10 மில்லிசெகண்ட் என்ன செய்யும்?

120 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட். அதை 'தகதிமி' என்று நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. உங்கள் மென்பொருள் காட்டும் கட்டம் இதுதான்.

ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினில் இரண்டு வசதிகள் இருந்தன. தப்பித் தட்டியதை இழுத்துக் கட்டத்தில் உட்கார வைப்பது ஒன்று. இன்னொன்று ஸ்விங். இதே யோசனை 1988இல் அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்பிசி-60 வழியாக ஹிப்-ஹாப், ஹவுஸ் என்று எங்கும் பரவியது.

ஸ்விங் கணக்கு ரொம்ப எளிது. நாலு அட்சரத்தை இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு 250 மில்லிசெகண்ட். ஜோடியின் முதல் அடி நகராது. இரண்டாவது மட்டும் கொஞ்சம் தாமதிக்கும். 50% என்றால் 125இல் விழும், அதாவது ஸ்விங்கே இல்லை. 54% என்றால் 135. 58% என்றால் 145. 66.7% வரை தள்ளினால் சுமார் 167இல் விழும். அது சாட்சாத் திஸ்ரம்: 'தகிட'வில் 'கி'யை விழுங்கிவிட்டு 'த'வையும் 'ட'வையும் மட்டும் தட்டிப் பாருங்கள், கைக்குப் புரிந்துவிடும். (நம்ம ஊர் குத்து பெரும்பாலும் ஓடுவது இந்தத் திஸ்ர நடையில்தான்.)

சுவாரஸ்யமான இடம் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில். 54 சதவீதத்தில் தாமதம் வெறும் 10 மில்லிசெகண்ட். 'லேட்டாக விழுகிறது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஹாட்டின் விறைப்பு போய்விடும். ஹவுஸ் டிராக்குக்கு 54 முதல் 60 வரை நகர்த்திப் பார்த்தால் போதும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போனால் நொண்டியடிக்கத் தொடங்கும், அது வேண்டும் என்றால் தவிர.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹாட்டுக்கு ஸ்விங் கொடுத்துவிட்டு பேஸை நேர்கோட்டில் விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே அட்சரத்தில் முன்னும் பின்னுமாக விழுந்து தடுக்கும். வெளியிலிருந்து எடுத்த ஷேக்கர் லூப்பிலும் ஏற்கெனவே வேறொரு ஸ்விங் இருக்கலாம். எல்லாம் ஒரே அளவில் சாய்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள்.

'மனிதத்தன்மை' பட்டனை அழுத்தலாமா?

"மெஷின் மாதிரி இருக்கு, கொஞ்சம் தாறுமாறாக்கு, க்ரூவ் வரும்" என்பது அடிக்கடி கிடைக்கும் அறிவுரை. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. 2013இல் வெளியான இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. ஃப்ரூஹாஃப் குழு, ராக் டிரம் தாளத்தில் கிக்கையும் ஸ்நேரையும் முன்பின் நகர்த்திக் கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கியது. கட்டத்தில் சரியாக உட்கார்ந்ததே முதலில் வந்தது. டேவிஸ் குழு ஜாஸ், ஃபங்க், சாம்பா தாளங்களை எடுத்துக்கொண்டது; விலகல் கூடக்கூட க்ரூவ் மதிப்பெண் குறைந்தது.

அப்போ ஜே டில்லா? கேட்பீர்கள் என்று தெரியும். எம்பிசி-3000இல் குவான்டைஸை அணைத்துவிட்டு பீட் போட்டவர் என்று பெயர் வாங்கியவர். அந்த மெஷின் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் பீட்டில் விலகல்கள் லாட்டரி அல்ல. முந்தி விழும் ஸ்நேர் லூப் சுற்றி வரும்போது அதே அளவு முந்தித்தான் விழும். இரண்டு சுற்றில் உங்கள் உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும், மூன்றாவது சுற்றில் எதிர்பார்க்கும். 'ரேண்டம்' பட்டன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போடுவதால், எதிர்பார்க்கவே எதுவும் இல்லாமல் போகிறது.

எங்கே அடிக்காமல் விடுவது?

என்னைக் கேட்டால் ஸ்விங்கைவிட இது பெரிய விஷயம். மரியா விடெக் குழு 2014இல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு அளவு சிங்கோபேஷன் உள்ள டிரம் தாளங்களைப் போட்டு, ஆடத் தோன்றுகிறதா என்று கேட்டார்கள். சிங்கோபேஷன் என்றால், அடி விழ வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, எதிர்பாராத இடத்தில் தட்டுவது. அது குறைவாக இருந்தால் ஆர்வமில்லை, மிக அதிகமாக இருந்தாலும் இல்லை. நடுத்தர அளவுக்குத்தான் ஆடத் தோன்றியது. காலி இடத்தில் வராத அடியை உடம்பு தானே போட்டுக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவைக் கேளுங்கள். சுமார் 112 பிபிஎம், பல டிராக்குகளில் நாலு அடிக்கும் விழும் கிக்கே முன்னால் இல்லை. ஷேக்கர் நேரத்தைப் பிடித்துக்கொள்ள, லாக் டிரம் இடுக்குகளில் விழுகிறது. உங்கள் பேஸ் லைனில் கிக்கோடு சேர்ந்து விழும் ஸ்வரங்களில் பாதியை அழித்துப் பாருங்கள். மிச்சமிருப்பதின் நீளத்தையும் குறையுங்கள். எங்கே நிற்கிறது என்பதும் தாளம்தான்.

காதில் விழாத சத்தம்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆர்ஃபிக்ஸ் என்ற எலக்ட்ரானிக் இரட்டையரின் கச்சேரியில் ஒரு சோதனை நடந்தது. 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு நிறுத்தினார்கள். அது இருப்பதையே கூட்டத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அது ஓடியபோது அசைவு 11.8% கூடியது. முடிவு 2022இல் 'கரன்ட் பயாலஜி'யில் வந்தது.

லேப்டாப் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. ஆக, ஆட வைக்கும் பகுதியைக் கேட்காமலேயே மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறீர்கள். நல்ல ஹெட்போனாவது வேண்டும். கிக் விழும்போது பேஸ் தாழ்ந்து, பிறகு எழும்பும்படி செய்யும் சைட்செயினும் இங்கேதான் உதவும். 120 பிபிஎம்மில் பேஸ் 250 மில்லிசெகண்டுக்குள் முழுசாகத் திரும்பினால், அந்த எழுச்சியே இடையடியாக மாறும்.

பம்பாயில் 1982

இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். கையில் இருந்தவை ரோலண்டின் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8. அப்போது பெரிதாக எடுபடவில்லை. 2010 மறுவெளியீட்டுக்குப் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 808இல் ஷஃபிள் வசதி கிடையாது, 1983இல் வந்த 909இல்தான் அது வந்தது. அப்படியும் அந்த ஆல்பம் ஆட வைக்கிறது. 303இல் ஒவ்வொரு படிக்கும் தனியாக அழுத்தம் கொடுக்கலாம், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கலாம். கட்டம் நேராகவே இருக்கிறது, அழுத்தம்தான் அலைகிறது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான். ஹாட்டின் வெலாசிட்டி எல்லாமே 100 என்று இருந்தால், இடையில் வருபவற்றை 40, 70, 50 என்று இறக்கி, அதே வரிசையை ஒவ்வொரு பாரிலும் திரும்ப வர விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு கிக்கை மட்டும் மியூட் செய்யுங்கள். ஹாட்டும் பேஸும் தனியாக ஓடும்போது தலை ஆடுகிறதா? ஆடவில்லை என்றால் கிக்கைத் திரும்பப் போட்டும் பயனில்லை, பேஸ் லைனுக்குப் போங்கள். ஆடுகிறது என்றால் நாலு நிமிடம் ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் பாத்திரம் கழுவப் போங்கள். கை எந்த பாரில் தாளத்தை விடுகிறதோ, அங்கே வந்து திறந்து பாருங்கள்.