வட்டார மாநாடுகளும் இரு இடவியல் மரபுகளும்: திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

டோப்பாலஜி எனப்படும் இடவியல், புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகளின் கணித ஆய்வாளர்களுக்குப் புதிய துறையன்று. முதுகலைப் பாடத்திட்டத்தில் அது இடம்பெறுகிறது. கருத்தரங்கத் தலைப்புகளிலும் தொடர்ந்து காணப்படுகிறது. ஆயினும் கல்லூரிக் கருத்தரங்குகளில் பெரிதும் பேசப்படும் இடவியலும், உலக அளவில் வடிவியல்சார் குலக் கோட்பாட்டோடு இணைந்து வளர்ந்துள்ள இடவியலும் வேறு வேறானவை. இப்பிரிவுக்கு ஆய்வாளரின் திறனைக் காட்டிலும் மாநாட்டின் அமைப்பு முறையே பெரிதும் காரணமாக அமைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கணவியல் இடவியலின் தமிழக வேர்

வி. இராமசுவாமி ஐயரின் முயற்சியால் 1907இல் தோன்றிய இந்தியக் கணிதவியல் கழகம், தன் முதல் மாநாட்டை 1916இல் சென்னையில் நடத்தியது. இக்கழகமே 1947இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமியின் கணவியல் இடவியல் நூலை வெளியிட்டது. அதற்கு முன்னரே அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை, இன்று சீர்ம இடவியல் வெளிகள் எனப்படும் ஆய்வுக்கு அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

பின்னர் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்மன் லெவின் 1963இல் அரைத்திறந்த கணங்களையும், 1970இல் பொதுமைப்படுத்தப்பட்ட மூடிய கணங்களையும் வரையறுத்தார். ஒரு திறந்த கணத்துக்கும் அதன் அடைப்புக்கும் இடையே அமைவது அரைத்திறந்த கணம். தன்னை உள்ளடக்கும் ஒவ்வொரு திறந்த கணத்திலும் தன் அடைப்பும் அடங்குமாறு அமைவது பொதுமைப்படுத்தப்பட்ட மூடிய கணம். கோயம்புத்தூர்ப் பகுதியைச் சார்ந்த கே. பாலச்சந்திரன், பி. சுந்தரம் ஆகியோர் ஜப்பானிய அறிஞர் எச். மாகியுடன் இணைந்து 1991இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இவ்வகை ஆய்வு தமிழகக் கல்லூரிகளில் விரிந்து பரவியது. பெரிய நூலகமோ நீண்ட முன்பயிற்சியோ இன்றித் தொடங்க இயன்றமையால், சிறுநகரக் கல்லூரிகளின் ஆய்வாளர் பலருக்கு இது ஆய்வுலகின் வாயிலாக அமைந்தது. இப்பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது.

வெளியேறிய வடிவியல் மரபு

வடிவியல் மரபு காவிரிக் கரைக்கு வந்த வரலாறு வேறு. எலி கார்த்தானிடம் பயின்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன் (1897–1976), 1930களில் இந்தியா வந்து முதலில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் கற்பித்தார். பின்னர்ச் சென்னை லயோலாக் கல்லூரிக்குச் சென்றார். அங்கு அவரிடம் பயின்ற சி.எஸ். சேஷாத்திரியும் எம்.எஸ். நரசிம்மனும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இணைந்தனர். ரீமன் பரப்பின் அடிப்படைக் குலத்தை அப்பரப்பின் மீதமைந்த வெக்டர் கற்றைகளோடு இணைக்கும் அவர்களது தேற்றம் 1965இல் வெளிவந்தது. நரசிம்மனின் மாணவரும் சென்னையில் பயின்றவருமான எம்.எஸ். ரகுநாதன், லீ குலங்களின் பிரிநிலை உட்குலங்கள் பற்றிய நூலை 1972இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அப்பொருளில் பம்பாயில் பன்னாட்டுக் கருத்தரங்கம் கூடியது. ஆக, இம்மரபின் அரங்குகள் தமிழ்நாட்டுக்கு வெளியே அமைந்தன. 1989இல் சேஷாத்திரி தொடங்கிய நிறுவனம், இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம், இம்மரபின் ஒரு பகுதியை மீண்டும் தமிழகம் கொணர்ந்தது.

வடிவியல்சார் குலக் கோட்பாடு: ஓர் எடுத்துக்காட்டு

குலத்தை ஒரு வெளியாகக் காண்பதே இத்துறையின் அடிப்படை. முடிவின்றி விரியும் புள்ளிக் கோலம் ஒன்றை எண்ணலாம். ஒரு புள்ளியிலிருந்து வலம், இடம், மேல், கீழ் என ஒவ்வோர் அடியாக நகர்ந்தால் 5 அடிகளுக்குள் 61 புள்ளிகளை எட்டலாம். முழு எண் இணைகளின் குலத்தை இக்கோலம் குறிக்கிறது. இங்கு வலமும் மேலும் செல்வதும் மேலும் வலமும் செல்வதும் ஒரே புள்ளியில் முடியும். அப்பரிமாற்று விதியை நீக்கினால் கோலம் கிளைவிடும் மரமாகிவிடும். அதே 5 அடிகளுக்குள் 485 புள்ளிகள் கிட்டும். இயற்கணித விதி ஒன்று வெளியின் வளர்ச்சியையே மாற்றுவதை இது காட்டுகிறது. இவ்வளர்ச்சி குறித்த மிகையீல் குரோமோவின் 1981ஆம் ஆண்டுத் தேற்றமும், அதிபரவளையக் குலங்கள் பற்றிய அவரது 1987ஆம் ஆண்டுக் கட்டுரையும் துறைக்கு வடிவளித்தன.

மாநாட்டின் அமைப்பும் பாடப்பொருளும்

புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1974இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு தனி மாவட்டமாயிற்று. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் 1985இல் இராமானுஜன் கணிதக் கழகமும் அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் தோன்றின. எனவே அமைப்பு வசதி இப்பகுதிக்கு இல்லாமற் போகவில்லை.

எனினும் கல்லூரிக் கருத்தரங்குகள் பொதுவாக ஓரிரு நாள்களே நடைபெறுபவை. ஒரு கட்டுரைக்குச் சில நிமிடங்களே கிட்டும். முனைவர் பட்டத்துக்கு இரு கருத்தரங்க வாசிப்புகளையும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை கட்டாயமாக்கியது. ஒரு வரையறை, அதன் சில பண்புகள், ஓர் எதிர்மறை எடுத்துக்காட்டு எனச் சுருக்கமாக முடியும் ஆய்வுக்கு இவ்வடிவம் இசைந்தது. பல வாரப் பயிற்சிக்குப் பின்னரே முதல் வினா விளங்கும் துறைக்கு அது இசையவில்லை.

மாற்று வடிவங்கள் இந்தியாவிலேயே உள்ளன. எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கோடைப் பயிற்சித் திட்டம் மாணவர்களை வாரக்கணக்கில் ஓரிடத்தில் தங்கவைத்துக் கற்பிக்கிறது. 2012 திசம்பரில் உத்தராகண்டின் அல்மோரா என்னும் மலைநகரில் வடிவியல், குலங்கள், இயக்கவியல் குறித்த இரு வார நிகழ்வு நடைபெற்றது; அதன் தொகுப்பு பின்னர் நூலாகவும் வந்தது. சிறுநகரம் என்பது தடையன்று என்பதற்கு அல்மோரா சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வட்டார மாநாடு எத்தனை நாள் நடக்கிறது, எதைப் பயனாகக் கருதுகிறது என்பவை, எந்த இடவியல் வேரூன்றும் என்பதையும் முடிவு செய்தமை புலனாகும். கருத்தரங்க வாசிப்புக் கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிமுறை நீக்கியுள்ளது. இது ஒரு வாய்ப்பாகும். முதுகலை வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் மங்க்ரஸின் இடவியல் நூலின் இரண்டாம் பகுதி அடிப்படைக் குலத்தையும் மூடுவெளிகளையும் கற்பிக்கிறது. வடிவியல்சார் குலக் கோட்பாட்டுக்கு வழி அங்கேயே தொடங்குகிறது. இரண்டு ஒருநாள் கருத்தரங்குகளுக்கு மாற்றாக அப்பகுதியை முழுமையாகப் பயிலும் பத்து நாள் பயிலரங்கு ஒன்றைப் புதுக்கோட்டைக் கல்லூரிகள் இணைந்து நடத்துமாயின், பிரிந்து வளர்ந்த இரு மரபுகளும் ஒரே வகுப்பறையில் சந்திக்க இயலும்.