பிளஷரும் பட்டறையும்

தென்மாவட்டங்களில் முந்தைய தலைமுறையினர் பலர் காரைக் கார் என்று சொன்னதில்லை, 'பிளஷர்' என்றார்கள். சரக்கு ஏற்றுவது லாரி, ஊராரை ஏற்றுவது பஸ், இவ்விரண்டும் அல்லாமல் உடையவனின் இன்பத்துக்கென்றே ஓடுவது பிளஷர். ஆங்கிலேயர் 'பிளஷர் கார்' என்று வழங்கிய தொடரின் முன்பாதியை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். அந்த இன்பத்துக்கு ஆகும் செலவைப் பற்றி அச்சொல் எதுவும் சொல்வதில்லை. அதைச் சொன்னவை, பழைய வீடுகளின் கொட்டகைகளில் சக்கரம் கழற்றப்பட்டுச் செங்கல் அடுக்கின்மேல் நின்ற பிளஷர்கள்தாம். அத்தகைய ஒன்றை நம்மில் பலரும் சிறுவயதில் எங்காவது பார்த்திருப்போம். அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வாயாலேயே ஓட்டியும் இருப்போம். வாங்க முடிந்த ஒருவரால் அதை ஏன் வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று என்று அப்போது நாம் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் கேட்டுப் பார்க்கிறோம்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது பழமொழி. அயல்நாட்டு வேகக் கார் இரண்டு விதமாகவும் தின்னக்கூடியது. ஓடினால் டயரும் கிளட்சும் பிரேக்கும் தேயும். நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும், தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும், டயர் ஒரே பக்கம் அழுந்திச் சப்பையாகும். இது இன்று பிறந்த சிக்கல் அன்று. கடல் கடந்து வந்த எந்த எந்திரத்துக்கும் இங்கே இருந்த சிக்கல்தான். அதைச் சிலர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு நம் ஊர்ச் சாலையிலேயே சான்று உண்டு.

1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் சாலையை 1930களில் கான்கிரீட் சாலையாக்கியது திருவிதாங்கூர் அரசு. அந்தத் தடத்தில்தான் அரசுப் பேருந்தும் முதலில் ஓடியது. 1937இல் லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்டர் என்பவரைத் திருவிதாங்கூர் வரவழைத்துப் போக்குவரத்துத் துறையின் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். முதல் வண்டியைச் சால்டரே ஓட்டினார். பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 சேஸிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின் மேற்கூட்டை மட்டும் சால்டரின் மேற்பார்வையில் உள்ளூரிலேயே கட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிச் செய்தி. 60 வண்டிக்கும் ஒரே எஞ்சின். ஆகவே ஒரு வண்டியில் கற்ற வேலை மற்ற 59க்கும் பயன்படும். ஒரு பெட்டி உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் உதவும். வண்டி வந்தபின் பட்டறை என்றில்லை. வண்டியோடு சேர்ந்தே பட்டறையும் பிறந்துவிட்டது. செங்கல்மேல் நின்ற பிளஷருக்கு இல்லாமல் போனது இதுதான். அது ஊரில் ஒற்றை வண்டி. அதன் பழுதும் ஒற்றைப் பழுது. அதைப் பார்த்துப் பழகிய கை எதுவும் பக்கத்தில் இல்லை.

தனியார் ஒருவரின் கார் நெடுநாள் உழைத்த கதையும் திருவிதாங்கூரிலேயே கிடைக்கிறது. சித்திரைத் திருநாளின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவிடம் 'சி.ஏ.என். 42' என்ற எண்ணுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் கார் இருந்தது. 1950களின் நடுவில் வந்த 180 வகை. 2013இல் அவர் மறையும்வரை அது அவரிடமே இருந்தது. பல லட்சம் மைல் ஓடிய வண்டி என்றும், அதை வாங்கிக்கொண்டு புதிய கார்களைத் தர நிறுவனமே முன்வந்தபோதும் அவர் கொடுக்க மறுத்தார் என்றும் பத்திரிகைகள் எழுதின. அரச குடும்பத்துக் கார் என்றதும் நம் மனத்தில் எழும் பகட்டு அதில் இல்லை என்பது முக்கியம். 180 வகை, ஜெர்மனியில் டாக்சிக்காரர்கள் ஓட்டித் தேய்த்த வண்டி. எஞ்சின் சிறியது, வேகம் மிதமானது, பாகங்கள் முரடானவை. பழுது பார்ப்பவனை மனத்தில் வைத்துச் செய்த வண்டி என்றே சொல்லலாம்.

அதே நிறுவனம் அதே ஆண்டுகளில் செய்த இன்னொரு வண்டியை இதனருகில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1954இல் வெளிவந்த 300 எஸ்.எல். கதவுகள் பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும். அன்றைய உலகின் மிக வேகமான விற்பனைக் கார் என்று பெயர் பெற்றது. கூரையிட்ட வடிவில் 1,400 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன. பெட்ரோலை நேரடியாக எஞ்சின் உருளைக்குள் பீய்ச்சும் பம்ப் அதன் வேகத்தின் இரகசியம்; அதுவே அதன் பலவீனமும் ஆயிற்று. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், எஞ்சின் சுற்றி ஓயும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடினால் சூட்டில் அது ஆவியாகிவிடும். கடைவீதிக்கும் வீட்டுக்கும் ஓடினால் எண்ணெய் நீர்த்துப்போகும். ஆகவே 1,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. தயாரிப்பில் யாரோ செய்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. பந்தயத்துக்குச் செய்த எந்திரத்தை ஊருக்குள் ஓட்டியதன் விளைவு இது. வேகக் கார்கள் நம்பத்தகாதவை என்ற பேச்சின் பெரும்பகுதி இந்த ஓர் உண்மைக்குள் அடங்கிவிடுகிறது: அவை பழுதாவது பெரும்பாலும் தமக்கு விதிக்கப்படாத வாழ்க்கையை வாழும்போது.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. இங்கே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் விலகின. ஏற்கெனவே ஊருக்குள் இருந்த அயல்நாட்டுக் கார்கள் அனாதைகளாயின. அப்போது அவற்றைக் காப்பாற்றியவை லேத் பட்டறைகள். கிடைக்காத புஷ்ஷைக் கடைந்தார்கள். கேஸ்கட்டைத் தகட்டில் வெட்டினார்கள். அம்பாசிடரின் பாகத்தை அராவிப் பொருத்தினார்கள். பெட்ரோல் குடிக்கும் அமெரிக்க எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினை உட்கார்த்தினார்கள். கார்ச் சேகரிப்பாளர்கள் இன்று இதை மன்னிப்பதில்லை; அசல்தன்மை கெட்டுவிட்டது என்பார்கள். ஆனால் அந்தக் கைவேலை இல்லையென்றால் அசலாகவோ நகலாகவோ அந்த வண்டிகளில் பல மிஞ்சியே இருக்காது. உடையவனின் பணம் தோற்ற இடத்தில் பட்டறைக்காரனின் அறிவு வண்டியை நகர்த்தியது.

தாராளமயத்துக்குப் பிறகு வேகக் கார் மீண்டும் வந்தது. 2002இல் சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாகக் கிடைத்த ஃபெராரி 360 மொடேனாவை நாடே அறியும். அந்த வண்டிக்கான சுங்கவரி ஒரு கோடி ரூபாயைத் தாண்டியதும், வரிவிலக்குப் பற்றிய வழக்கும் விவாதமுமாக அது நாளிதழ்களில் ஓடியதும் நினைவிருக்கும். பரிசாக வந்தாலும் இலவசமாக வராது என்பதை நமக்குக் கற்றுத்தந்த கார் அது. ஃபெராரி இந்தியாவில் முறைப்படி விற்பனையைத் தொடங்கியதோ 2011இல்தான். 2013இல் விலையுயர்ந்த கார்களின் இறக்குமதி வரி 75 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் வரி ஒருமுறைச் செலவு. பராமரிப்பு அப்படியன்று.

அந்த 360க்கு முந்தைய ஃபெராரி 355 வகையில், வால்வுகளை இயக்கும் ரப்பர் பட்டையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வண்டி ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். பட்டை அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழ். அந்தப் பட்டையை மாற்ற எஞ்சினையே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். பட்டையின் விலையைவிடக் கூலி பன்மடங்காவது இதனால்தான். 360இல் இருக்கைக்குப் பின்னுள்ள தகட்டைக் கழற்றி உள்ளிருந்தே மாற்றும்படி செய்தார்கள். உடையவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. 2010இல் 458 வகையில் சில வண்டிகள் தீப்பற்றின. சக்கர வளைவில் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டியிருந்த பசை சூடேறியதே காரணம். 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பசைக்குப் பதில் உலோகப் பிணிப்புகளைப் போட்டார்கள். மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1இன் நிலை இன்னும் விசித்திரம். அதன் மின்னணுவோடு பேசுவதற்கு 1990களின் காம்பாக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. நிறுவனமே அந்தப் பழைய கணினிகளைத் தேடிப் பாதுகாத்துவந்தது 2016இல் செய்தியாயிற்று. கோடிக்கணக்கில் விலை போகும் வண்டியின் ஆயுள், காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு கணினியின் ஆயுளோடு கட்டப்பட்டுக் கிடந்தது.

இப்படிப்பட்ட வண்டி ஒன்றை நாஞ்சில் நாட்டில் வைத்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஆண்டில் இரண்டு பருவமழை. கடற்காற்றில் எப்போதும் உப்பு. ஊருக்கு ஊர் வேகத்தடை. தரையிலிருந்து ஒரு சாண்கூட உயராத வண்டி அதைச் சாய்வாக ஏறி இறங்கினாலும் அடிவயிறு உரசும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் தேயும். பழுதென்றால் பெங்களூருக்கோ மும்பைக்கோ லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பெங்களூரே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. டயருக்கான ரப்பர் நம் மலையடிவாரத்தில் வடிகிறது. வெள்ளை வண்ணப்பூச்சுக்கான டைட்டேனியத்தைத் தரும் இல்மனைட் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. மூலப்பொருள் நம்முடையது, அதைப் பொருளாக்கும் அறிவும், அதைவிட முக்கியமாக, பழுது நீக்கும் அறிவும் நம்மிடம் வரவில்லை. முன்பு கிடைக்காதது பாகம் மட்டுமே; பட்டறைக்காரன் எஞ்சினைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டான். இன்று நிறுவனத்தின் கணினி இல்லாமல் பழுது எங்கே என்பதைக்கூட அறிய முடியாது. பணம் இருந்தும் உடையவன் தன் வண்டிக்கு அந்நியனாகிறான். லேத் பட்டறைக்காரனோ வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான்.

ஆசைப்படுவது தவறென்று நாம் சொல்லவரவில்லை. அழகான எந்திரத்தின்மேல் மனிதனுக்கு உள்ள மயக்கம் கலையின்மேல் உள்ள மயக்கத்துக்குக் குறைந்ததன்று. விலைச்சீட்டைப் பார்த்து வாங்குகிறவன் பாதிக் கணக்கையே போடுகிறான் என்பதுதான் நாம் சொல்வது. மீதிக் கணக்கில் சாலை, காற்று, தூரம், பழகிய கை எல்லாம் வரும். 1938இல் ஓர் அரசு அந்த முழுக் கணக்கையும் போட்டது. 180 வகைக் காரை விடாமல் வைத்திருந்தவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கணக்குக்கு இசைந்த வண்டியை வைத்திருந்தார்.

நாஞ்சில் நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதும் அன்று. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழாவின் 9ஆம் நாள் தேரோட்டம். ஆண்டின் பெரும்பகுதி நிலையில் நின்று, ஓடும் நாளிலும் நான்கு வீதிகளைச் சுற்றி மட்டுமே வரும் வண்டி தேர். பயன் கருதிப் பார்த்தால் அதைவிட வீணான வாகனம் இல்லை. ஆயினும் எந்தத் தேரும் தலைமுறைகளைக் கடந்து ஓடுவதற்குக் காரணம், அச்சைச் சோதிக்கவும் சக்கரத்தைச் செப்பனிடவும் வடத்தைப் புதுப்பிக்கவும் முட்டுக்கட்டை போடவும் தெரிந்தவர்கள் அந்தந்த ஊரிலேயே இருப்பதுதான். தேர் ஒருவருடையதும் அன்று; இழுக்கிற எல்லாருடையதும். பிளஷரை வாங்கியவர்கள் அதைத் தம் ஒருவருக்கென்று வாங்கினார்கள். செங்கல்மேல் நின்றபோதும் அது அவர்கள் ஒருவருடையதாகவே நின்றது.